பேர் வரும்வரை வெட்ட வேண்டாம்

அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முழுவதும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. அந்த டப்பாவை இப்போது யாராவது என் முன்னால் கொண்டுவந்து வைத்தால், மூடியைத் திறக்க எனக்குக் கை வராது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டர். புத்தகத்துக்கு அட்டை போடுவார், டைரி தைப்பார், காலண்டருக்குத் தகரப் பட்டை அடிப்பார். விரல் இடுக்கில் எந்நேரமும் காய்ந்த கோந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அங்கே அவருக்குப் 'பசை' என்று பேர். "பேர்லதான் பசை, பாக்கெட்ல இல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வருஷம் பூராவும் இழுத்துப் பிடித்து ஓட்டினாலும், கடைசி மூன்று மாதம் காலண்டர் வேலை வந்து எங்களைக் கரையேற்றிவிடும். அந்த வருஷம் அது வரவில்லை. கம்பெனிகள் எல்லாம் காலண்டரைக் குறைத்துவிட்டன. போனிலேயே தேதி பார்த்துக்கொள்கிறார்களாம். வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு ஒரு ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அந்தச் சம்பளம் எந்த மாதமும் ஏறாது, இறங்காது.

வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற பெரியவன், பதினோரு வயதுச் சின்னவள், அப்புறம் அண்ணி. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போனபிறகு ஒரு பெட்டியோடு வந்தவர், வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. சமையல், பிள்ளைகள், மொட்டைமாடியில் துணி காயப்போடுவது எல்லாம் அவர் கையில்தான். ஆனாலும் ஏழு வருஷத்துக்குப் பிறகும் ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் என் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். மிச்சம் இருக்கும் ரொட்டியைத் தின்ன, "இது யாருக்காவது வேணுமா?" என்று கேட்பார். இதெல்லாம் அவருடைய சுபாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் முதல் ஞாயிறு. மதியச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் எல்லாருக்கும் வாங்குறது இந்த வருஷம் நடக்காது. சீட்டுப் போட்டுடுவோம். ஆளுக்கு ஒரு பேரு எடுக்கணும். யாரு பேரு வருதோ அவங்களுக்கு மட்டும் ஒரே ஒரு பரிசு."

"எனக்கு என் பேரே வந்துட்டா?" என்றான் பெரியவன்.

"மறுபடி டப்பாவுல போட்டுட்டு வேற எடு. ரொம்ப ஆசைப்படாத."

"எனக்கு அப்பா பேரு வந்துச்சுன்னா, கோந்து டப்பாதான் வாங்கிக் குடுப்பேன்" என்றாள் சின்னவள்.

அண்ணிகூடச் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "சீட்டு என்னிக்குத் தம்பி?"

"டிசம்பர் முதல் ஞாயிறுக்கா."

"அப்ப இன்னும் நாலு வாரம் இருக்கு" என்றார் அண்ணி. விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொன்னார். அந்த நாலு வாரம் அவருக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதத்தில் ஒரு விஷயம் நடந்தது. மதியம் மாடியில் காயும் துணிகளில் ஒன்று காணாமல் போகும், சாயங்காலம் திரும்பி வந்துவிடும். ஒரு நாள் பெரியவனின் சட்டை. இன்னொரு நாள் என் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை. அன்றைக்கு நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கொடியில் இவர் சட்டை இல்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணி படியேறி வந்தார், கையில் ஒரு துணிப்பை.

"அவரு சட்டை எங்க அண்ணி?"

"இதோ இருக்கும்மா. காத்துல விழுந்துடுச்சு. கீழ போய் எடுத்துட்டு வந்தேன்."

"பைக்குள்ள போட்டா எடுத்துட்டு வருவாங்க?"

அண்ணி பையிலிருந்து சட்டையை வெளியே எடுத்தார். நான் விட்டேனா? "காயாத துணிய எடுத்துட்டுத் திரிஞ்சா நாளைக்கு அவரு எதப் போட்டுட்டுப் போவாரு?" என்று ஒரு வார்த்தை கூடவே சொன்னேன். அவர் சட்டையை உதறி மறுபடி கொடியில் போட்டார். கிளிப்பு குத்தும்போது சட்டைத் தோள்பட்டையை ஒரு தரம் நீவிவிட்டார்.

சீட்டு நாள் நெருங்க நெருங்க எனக்கு அண்ணியை நினைத்து ஒரு உறுத்தல். அவருடைய பர்ஸை ஒரு தரம் தற்செயலாகப் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஒரு சாவி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, சின்னவள் ஒன்றாம் வகுப்பில் எடுத்துக்கொண்ட போட்டோ. அவ்வளவுதான். அவருக்கு ஒரு பேர் வந்தால் பரிசுக்கு எங்கே போவார்? தம்பியிடம் கேட்பார். தம்பி என்னிடம் கேட்பார். பாவம், அவரை எதற்கு இந்தச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுச் செலவில் ஒரு பரிசு மிச்சமாகும் என்றும் நினைத்தேன்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பேரை எழுதாமல் விட்டுவிடுவது. எனக்கு எதுவும் வேண்டாம். பேர் நாலு, அண்ணியை விட்டால் எடுக்கிற கையும் நாலு. அண்ணிக்குப் பரிசு கிடைக்கும், ஆனால் அவர் யாருக்கும் தரவேண்டியிருக்காது. சலவை அறையில் என்னோடு விரிப்பு மடிக்கிறவளிடம் இதைச் சொன்னேன். விரிப்பின் அந்த முனையைப் பிடித்தபடி அவள், "உனக்குத் தங்கமான மனசு" என்றாள். நாங்கள் இருவரும் நாலு எட்டு முன்னால் வந்து முனைகளைச் சேர்த்து மடித்தோம். எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று.

டிசம்பர் முதல் ஞாயிறும் வந்தது. காலண்டர் ஓரத்தில் வெட்டிப்போட்ட காகிதத்தை அச்சகத்திலிருந்து இவர் கொண்டுவந்திருந்தார். நாலு துண்டில் நாலு பேர் எழுதி மடித்து டப்பாவில் போட்டேன். எல்லோரும் கூடத்தில் வந்து உட்காரும் நேரத்தில், "அண்ணி, உப்பு தீந்துபோச்சு. கீழ கடையில ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுறீங்களா?" என்றேன்.

"இப்பவா? சீட்டு..."

"நீங்க போய்ட்டு வாங்க, வந்தப்புறம்தான் சீட்டு."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினார். மூன்று மாடி. இறங்கி ஏறுவதற்குள் நான் டப்பாவைக் குலுக்கிவிட்டேன். சின்னவள் முதலில் எடுத்தாள், அப்புறம் பெரியவன், அப்புறம் இவர். கடைசித் துண்டு எனக்கு. நான் அதைப் பிரித்துச் சின்னவள் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது.

"ஆரம்பிச்சிட்டீங்களா? நான் வர்றதுக்குள்ள? சரி சரி, எனக்கும் ஒண்ணு இருக்கும்ல."

உப்புப் பாக்கெட்டைக் கீழே வைத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டார். தகரத்தில் நகம் உரசும் சத்தம் கேட்டது. ஒரு மூலையில் தேடினார், மறு மூலையில் தேடினார். கண்ணைத் திறந்து உள்ளே பார்த்தார்.

இவர் என்னைப் பார்த்தார். "என்னடி, சீட்டு குறையுதே?"

அப்போதாவது நான் என் பேரை விட்ட கதையைச் சொல்லி, 'தப்பாப் போச்சு, மறுபடி போடலாம்' என்று சமாளித்திருக்கலாம். காகிதத்துக்கா பஞ்சம்? ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்க எதுக்கு அண்ணி இதுல கஷ்டப்படணும்? உங்களுக்கும் சேத்துத்தான் சீட்டு இருக்கு. உங்களுக்கு ஒருத்தர் குடுப்பாங்க."

"அப்ப அத்தை யாருக்குக் குடுப்பாங்க?" என்றாள் சின்னவள்.

"சும்மா இரு."

அண்ணி டப்பாவிலிருந்து கையை எடுத்தார். "அதுவும் சரிதாம்மா" என்றார். உப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஜாடி மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஜாடி நிறைய உப்பு இருந்தது எனக்குத் தெரியும். இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. மூடியை மூடுகிற சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று.

கிறிஸ்துமஸ் காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, பழைய காலண்டர் அட்டையில் இவர் வெட்டின நட்சத்திரத்துக்குக் கீழே உட்கார்ந்தோம். இருந்தது ஒரு சின்னக் கேக். கடையில் ஓரம் கருகினதால் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். "கருகினத நான் தின்னுக்கிறேன், எனக்கு அதான் பிடிக்கும்" என்று அண்ணி கருகின ஓரத்தை எடுத்துக்கொண்டார். சின்னவள் அண்ணனுக்குப் பேனா கொடுத்தாள். பெரியவன் அப்பாவுக்கு ஒரு ஜோடி காலுறை. நான் சின்னவளுக்குத் தலைக்கு ரிப்பன். இவருக்கு அண்ணியின் பேர் வந்திருந்தது. அச்சகத்தில் மிஞ்சின காகிதத்தில் தானே தைத்த ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார், அழகான பச்சை அட்டையோடு.

"இதுல என்னத்தடா எழுதுறது?" என்றார் அண்ணி.

"எங்க எல்லாரையும் பத்திப் புகார் எழுதுக்கா. உனக்குத்தான் வாயில வராதே."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது சின்னவள், "அம்மாவுக்கு யாரு?" என்றாள்.

நான் இதற்காகத்தானே காத்திருந்தேன். "அம்மா தன் பேர எழுதவே இல்ல கண்ணு" என்றேன். பெரியவன் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணி மட்டும் பச்சை நோட்டைப் பிரித்து வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் அண்ணி சொன்னார்: "தம்பி, ஒரு பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல சமையலுக்கு ஆள் கேட்டாங்க. தங்க ரூமும் குடுக்குறாங்களாம். நான் போகலாம்னு இருக்கேன்."

"எதுக்குக்கா? இங்க உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லடா. அதான் போறேன்."

கொண்டுவந்த அதே பெட்டியோடு போனார். அவருடைய ஒரு கைக்குட்டைகூட வீட்டில் மிச்சமில்லை. வீட்டில் இடம் கூடிவிட்டது. அந்த மாதம் வேலையோடு சமையலையும் நானே செய்தபோதுதான் அவர் எவ்வளவு வேலை செய்தார் என்று தெரிந்தது. கோபம்கூட வந்தது, ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாமே என்று.

பிப்ரவரியில் பெரியவனின் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பைப் பிரித்து நீட்டித் தைக்கலாம் என்று தெருமுனை டெய்லரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அதற்குமுன் நான் அந்தக் கடைக்குள் ஏறினதில்லை. ஒரே மிஷின், சுவர் முழுக்கத் தொங்கும் துணி, காதில் பென்சில் செருகின மனிதர்.

"எந்த வீடும்மா?"

"மூணாவது மாடி. பைண்டர் வீடு."

"அட, பட்டன் அக்கா வீடா!" மனிதர் மிஷினை நிறுத்தினார். "எங்கம்மா அவங்க? ஆளையே காணோம். பொங்கி வர்ற பால அடுப்புலயே விட்டுட்டுப் போன மாதிரி போய்ட்டாங்க."

"யாரு பட்டன் அக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க வீட்டு அக்காதாம்மா. தினம் மத்தியானம் வந்து ரெண்டு மணி நேரம் பட்டன் தைப்பாங்க, கை மடிப்பு அடிப்பாங்க. வீட்ல சொல்லவேண்டாம்னாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க. அது முடிஞ்சு போச்சே, இப்பச் சொல்லலாம்ல?"

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

டெய்லர் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நீலத் துணி, மெல்லிய வெள்ளைக் கோடு. "இது அவங்க துணி. தைச்ச கூலிக்கு வாங்கினது. ஆம்பளைக்குச் சட்டை தைச்சாலும் எடுப்பா இருக்கணும், பொம்பளைக்குக் கவுன் தைச்சாலும் எடுப்பா இருக்கணும்னு மூணு கடை ஏறி இறங்கினாங்க. யார் பேரு வரும்னு தெரியாதாமே."

பிறகு அளவு நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்தின் தலையில் 'பட்டன் அக்கா வீடு'. அதற்குக் கீழே தம்பி, தம்பி பொண்டாட்டி, பெரியவன், சின்னவள் என்று நாலு வரிசை. தோள், கை, மார்பு, உயரம் எல்லாம் இருந்தது.

"ஒவ்வொருத்தர் துணியா கொண்டுவந்து அளவு குடுத்தாங்க. கொண்டுவந்த துணிய நேரத்துக்குக் கொடியில திருப்பிப் போடணும்னு ஓட்டமா ஓடுவாங்க. உங்க அளவுக்குத்தான் பாடுபட்டாங்க. உங்க துணியெல்லாம் தொவைச்சுத் தொவைச்சு அளவு மாறிப்போச்சாம். ஞாயித்துக்கிழமை நீங்க அசந்து தூங்குறப்ப நூல் வச்சு அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தாங்க."

பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு வரி: 'பேர் வரும்வரை வெட்ட வேண்டாம்.'

"சீட்டு எடுத்த மறுநாள் வந்து சொல்றேன்னாங்க" என்றார் டெய்லர். "மறுநாள் வந்தாங்க. வழக்கம்போல உக்காந்து பட்டன் தைச்சாங்க. யார் பேரு வந்துச்சுக்கான்னு கேட்டேன். 'இன்னும் வரல'ன்னாங்க."

நான் அந்தத் துணியைத் தொட்டேன். புதுத் துணியின் மொடமொடப்பு விரலில் ஒட்டியது.

"இத அவங்களுக்கே தைச்சுடுங்க" என்றேன். "எங்க அண்ணிக்கே."

"தைச்சுடலாம். அளவு?"

"என்னைவிடக் கொஞ்சம் ஒல்லி."

"கொஞ்சம்னா எத்தன இஞ்சும்மா?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். என் தோள் உயரமா, காது உயரமா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அளவுக்குக் கொடுக்க அவருடைய பழைய துணி ஒன்றும் வீட்டில் இல்லை. டெய்லர் இஞ்சு டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "போய் எடுத்துட்டு வாங்க. பக்கத்துல இருக்கிற ஆளத்தான் நாம யாரும் அளந்து பாக்குறதில்ல" என்றார். தொழில் பேச்சாகத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஹாஸ்டலுக்குப் போனேன். அடுப்படியில் ஒரு ஆள் உள்ளே உட்காரும் அளவுக்குப் பெரிய பாத்திரங்கள். அண்ணி நீளமான கரண்டியோடு நின்று ஒரு பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தார். "தட்ட எடுத்துட்டு வரிசையில வா. அழகா இருக்கேன்னா முன்னால விட்டுடுவேனா?" அந்தக் குரலை நான் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. அலமாரியைத் திறந்தார், மூடினார், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "வாம்மா. பிள்ளைங்க நல்லா இருக்கா? சின்னவளுக்குச் சளி விட்டுச்சா?"

துணிப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பார்த்தார்.

"அந்த டெய்லர் வாயத்தான் முதல்ல தைக்கணும்" என்றார்.

"அண்ணி, அன்னைக்கு நான் என் பேரத்தான் விட்டேன். உங்க பேர விடல."

"தெரியும்மா. கிறிஸ்துமஸ் அன்னைக்கே சொன்னியே." பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "உம்பேர விட்ட, சரி. என் கையையும் விட்டுட்டியே. வாங்கிக்கிறதுக்கு நான் இருந்தேன். குடுக்குறதுக்கு நான் அந்த வீட்ல இல்ல."

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"திரும்பி வந்துடுங்க அண்ணி."

"வருவேன்மா. பிள்ளைங்களப் பாக்காம இருக்க முடியுமா? கையில ஏதாவது எடுத்துட்டு, விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவேன்." பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். "இத நீயே தைச்சுப் போட்டுக்கோ. உம்பேரத்தான் யாருமே எடுக்கல."

உள்ளே எதுவோ அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. "ஐயோ" என்று ஓடினார். பைக்குள் இஞ்சு டேப் சுருண்டு கிடந்தது. வெளியே எடுக்க எனக்குத் துணிவில்லை. கரண்டியைப் பிடித்த அந்தக் கையை, குனிந்த அந்தத் தோளை வாசலில் நின்றே பார்த்தேன். எத்தனை இஞ்சு என்று பார்வைக்குத் தெரியவில்லை. சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் டெய்லர் கடைக்கு ஏறினேன். டேப்பையும் துணியையும் பலகைமேல் வைத்தேன்.

"அளவு கிடைச்சுதா?"

"இல்லைங்க."

"அப்ப யாருக்கும்மா வெட்டுறது?" அளவு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

நான் அந்த நாலு வரிசையில் இரண்டாவதைத் தொட்டுக் காட்டினேன்.

"என் பேருதாங்க வந்திருக்கு" என்றேன்.

அவர் அடியில் இருந்த பென்சில் வரியை அடித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.